என் மனைவியைப் பிடித்துவைத்திருக்கும் குப்பை ஆலை

செவன் கிங்ஸ், லண்டன்
ஞாயிற்றுக்கிழமை

பெருமதிப்புக்குரிய பாலேந்திரா மச்சானுக்கு,

ஜேர்மனியில் நீங்களும் நகுலேஸ்வரி அக்காவும் முழங்கால் வலியின்றி நலமாயிருக்க முருகனை வேண்டுகிறேன். என் நலத்தைப் பற்றி எழுத ஒன்றுமில்லாதபடியால் நேரே விஷயத்துக்கு வருகிறேன். போனில் சொன்னால் சிரிப்பீர்கள், அதனால்தான் கடிதம். உங்கள் தங்கச்சி சிவனேஸ்வரியை எப்படியாவது வீட்டுக்கு அனுப்பிவையுங்கள்.

மகள் கோசிகாவின் பிள்ளைப்பேற்றுக்கு உதவியாக மாசியில் போனவள். கோசிகா இருப்பது ஒரு கடைத்தெரு, ஒரு தேவாலயம், மீதியெல்லாம் வயல் என்றிருக்கும் சின்ன ஊர். ரயிலில் போய், பிறகு எப்போது வருமென்று தெரியாத பஸ்ஸுக்குக் காத்து நிற்க வேண்டும். சிவனேஸ்வரி திரும்பி வருவதாக இருந்த கிழமையில்தான், கோசிகா வீட்டுப் பின்வேலிக்கு அப்பாலுள்ள வயலில் குப்பை எரிக்கும் ஆலை கட்டப்போவதாக அறிவித்தல் ஒட்டினார்கள். "பச்சைப்பிள்ளை இருக்கிற வீடு, இதை இப்பிடியே விட்டிட்டு வர ஏலாது" என்றாள். ஒரு கிழமைதானே என்று சரி சொன்னேன். இப்போது ஆடி.

எரிக்கப்போவது லண்டன் குப்பையாம். "உங்கட குப்பையும்தான் இங்க வரப்போகுது, கொஞ்சமாய்ப் போடுங்கோ" என்று எனக்குக் கட்டளை. அன்றிலிருந்து கறிவேப்பிலைக் காம்பைக்கூட மென்று விழுங்குகிறேன். மீன் தலையைப் பின்வளவில் புதைத்தேன், நரி கிண்டியெடுத்துப் பக்கத்து வீட்டு வாசலில் வைத்துவிட்டுப் போய்விட்டது, அந்த மனிதர் கவுன்சிலில் முறையிட்டுவிட்டார், இனி இது சரிவராது, ஆளைக் கூட்டிக்கொண்டே வருவோம் என்று ரயிலேறினேன்.

போய்ச் சேர்ந்தால் வீட்டில் ஒருவருமில்லை. எல்லோரும் ஊர் மண்டபத்தில், ஆலை பற்றிய கூட்டத்தில். நானும் அங்கே போனேன். கம்பனிக்காரப் பொடியன் படம் காட்டி, மணமும் வராது, புகையும் வராது என்று விளக்கிக்கொண்டிருந்தான். திடீரென்று எங்கள் சிவனேஸ்வரி எழும்பினாள். மச்சான், கடையில் மாற்றிச் சாப்பாடு தந்தாலும் "நீங்கள் சொல்லுங்கோ" என்று என்னை இடிக்கிறவள் இவள்.

"ஒண்டும் வராது எண்டால், தம்பி, ஏன் இவ்வளவு உயரத்தில புகைபோக்கி கீறி வைச்சிருக்கிறியள்?"

கோசிகா அதை இங்கிலிஷில் சொன்னதும் மண்டபமே கைதட்டியது. சேற்றுச் சப்பாத்தோடு வந்த ஒரு விவசாயி விசிலடித்தார். நானும் எதற்கு வந்தேன் என்பதை மறந்து கைதட்டினேன். அந்த நேரம் பார்த்துத் தலைவர் ஏதோ கேட்டார். தூரத்திலிருந்து வந்தவர்கள் யார் என்று கேட்கிறாராக்கும் என்று கையை உயர்த்தினேன். ஆலையை ஆதரிப்பவர்கள் யார் என்று கேட்டாராம். என் கை மட்டும்தான் நின்றது.

கூட்டம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் சோற்றுப் பார்சலைக் கையில் தந்து, சிவனேஸ்வரியே பஸ் தரிப்பு வரை வந்தாள். "உன்னைக் கூட்டிக்கொண்டு போகத்தான் வந்தனான்" என்றேன்.

"லண்டனில இவ்வளவு காலமும் ஒருத்தரும் என்ர அபிப்பிராயம் கேக்கேல்லை. இங்க கேக்கினம்" என்றாள்.

அதற்குள் பஸ் வந்துவிட்டது. அன்றைக்கென்று பார்த்து அது நேரத்துக்கு வந்தது.

இப்போது அடுப்படியில் ரேடியோவைப் போட்டுவிட்டு முன்னறையில் போய் இருக்கிறேன். உள்ளே ஆள் இருப்பது போலக் கேட்கும். இடையிடையே "என்னப்பா?" என்று குரலும் கொடுத்துவிடுகிறேன். நீங்கள் மூத்தவர், உங்கள் சொல்லை அவள் தட்டமாட்டாள். வந்து என்னோடு பேசாமல் இருந்தாலும் பரவாயில்லை. இல்லை மச்சான், பேசட்டும்.

பேரப்பிள்ளைகளுக்கு என் ஆசிகளும் அக்காவுக்கு என் வணக்கமும் சேரட்டும்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மச்சான்
ஜீவரத்தினம்

பி.கு.: உறையை ஒட்டியபிறகு சிவனேஸ்வரி போன் எடுத்தாள், அதனால் திரும்பப் பிரித்து எழுதுகிறேன். ஆலையை எதிர்த்து அமைச்சு வாசலில் நிற்க வெள்ளிக்கிழமை ஒரு பஸ் நிறைய ஆட்கள் லண்டன் வருகிறார்களாம். சாப்பாடு எங்கள் வீட்டில்தானாம். "வடை சுடவேணும், உழுந்து ஊறப்போட்டு வையுங்கோ. நீங்களும் எங்களோட வந்து நிக்கவேணும்" என்றாள். அன்று பின்னேரமே அவர்களோடு கோசிகா வீட்டுக்கே திரும்பிவிடுவாளாம். பரவாயில்லை மச்சான், என்னையும் கூப்பிட்டாளே. ஆகவே மேலே எழுதியதில் ஒரு சொல்லையும் அவளிடம் சொல்லிவிடாதீர்கள், வீட்டுக்குப் போ என்று தப்பித்தவறியும் வற்புறுத்திவிடாதீர்கள். உழுந்து எவ்வளவு நேரம் ஊறவேண்டும் என்று மட்டும் அக்காவிடம் கேட்டுச் சொல்லுங்கள்.