தாராவித் தலையும் தயாரிப்புக் குறையும்

புதிய செல்போனில் வரும் குறைகள் இரண்டு வகைப்படும். ஒன்று தயாரிப்புக் குறை, மற்றொன்று வடிவமைப்புக் குறை. ஆயிரம் போனில் ஒன்று மட்டும் கோளாறாக இருந்தால் அது தயாரிப்புக் குறை. கம்பெனி வருத்தம் தெரிவித்து வேறு போன் தரும். ஆயிரம் போனுக்கும் அதே கோளாறு இருந்தால் அது வடிவமைப்பு; யோசித்துச் செய்தது, அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. அதாவது கொஞ்சமாகத் தப்புச் செய்தால் கம்பெனி மாட்டிக்கொள்ளும், முழுசாகத் தப்புச் செய்தால் தப்பித்துக்கொள்ளும். இந்தச் சட்டத்தை எழுதிய புண்ணியவான் யாரென்று தெரிந்தால் அவர் வாயில் ஒரு பிடி சர்க்கரை போடலாம், எறும்போடு சேர்த்து.

வானமாமலைக்கு இந்த இலக்கணமெல்லாம் தெரியாது. தாராவியில் தொண்ணூறடி ரோட்டுக்கு உள்ளே ஒரு சந்தில் பை தைக்கும் பட்டறை வைத்திருக்கிறார். இந்த வருஷம் அவருடைய பிழைப்பு முழுவதும் ஒரே ஆர்டரை நம்பி இருந்தது. மாட்டுங்காவில் பள்ளிக்கூடங்கள் நடத்தும் ஒரு டிரஸ்ட், தன் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் புத்தகப் பை தைக்க அவருடைய சாம்பிளைத் தேர்ந்தெடுத்திருந்தது. துணியும் ரெக்சினும் கடனுக்கு வாங்கி வெட்டியாகிவிட்டது. ஆர்டர் கைக்கு வந்தால் பட்டறை ஓடும். வராவிட்டால் மெஷின்களை விற்றுவிட்டு, அம்பர்நாத் ஃபேக்டரியில் சூப்பர்வைசராக இருக்கும் மச்சினனுக்குக் கீழே வேலைக்குப் போகவேண்டும். மச்சினன் அந்த நாளுக்காகவே காத்துக்கொண்டிருந்தான்.

பாக்கி இருந்தது ஒரே ஒரு சடங்கு. டிரஸ்டின் கொள்முதல் அதிகாரி சந்திரமௌலி போன் செய்து, “இந்த விலைக்குச் சம்மதமா?” என்று கேட்பார். வானமாமலை “சரி” என்று சொல்லவேண்டும். அந்தச் ‘சரி’ பதிவாக வேண்டும். இதைவிடச் சுலபமான சடங்கு எந்த மதத்திலும் கிடையாது.

ஆனால் அவரிடம் இருந்தது புதுப் போன். கம்பெனியின் பெயரைச் சொன்னால் வக்கீல் நோட்டீஸ் வரும். கம்பெனி என்றே வைத்துக்கொள்வோம். தீபாவளி ஆஃபரில் சந்தே திரண்டுபோய் வாங்கிய போன் அது. முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி. இயர்போன் சொருக ஓட்டை கிடையாது, ஓட்டை பழைய நாகரிகமாம். சிம் கார்டைக் கழற்றவும் முடியாது, அது போனுக்குள்ளேயே ஐக்கியமாகிவிட்டது. பழைய போனை எக்ஸ்சேஞ்சில் பிடுங்கிக்கொண்டார்கள்.

காதில் வைத்தால் அணைய வேண்டிய திரை, இந்தப் போனில் அணையாது. பேச்சைத் துண்டிக்கும் சிவப்புப் பொத்தான் தாடைக்குப் பக்கத்தில் முழித்துக்கொண்டே இருக்கும். வெள்ளைக்காரன் மாதிரி கழுத்தை விறைப்பாக வைத்துப் பேசினால் ஒன்றும் ஆகாது. நம்மவர்கள் அப்படியா பேசுகிறோம்? ‘இல்லை’ என்றால் தலை பக்கவாட்டில் ஆடும், கன்னம் கண்ணாடியை விட்டு விலகும். ‘சரி’ என்றால் தலை தோள் பக்கம் சாயும், கன்னம் கண்ணாடியில் அப்பும், போன் கட்டாகிவிடும். ஆகவே இந்தப் போனில் மறுக்கலாம், திட்டலாம், சண்டை போடலாம். சம்மதிக்க மட்டும் முடியாது.

முதல் முறை சந்திரமௌலி கூப்பிட்டுச் சம்மதமா என்று கேட்டார். வானமாமலை சரி என்று வாயைத் திறக்குமுன் தலை சாய்ந்துவிட்டது. இரண்டாம் முறையும் அதே கதை. ஸ்பீக்கரில் போட்டுப் பேசலாமென்றால் சுற்றிலும் தையல் மெஷின், சந்து முழுக்க இரைச்சல். திருப்பிக் கூப்பிடலாமென்றால் டிரஸ்டின் நம்பரில் உள்ளே வரும் அழைப்புக்கு வழியே வைக்கவில்லை, பெரிய இடத்தில் பேசத்தான் செய்வார்கள், கேட்கமாட்டார்கள். மூன்று முறை இணைப்பு துண்டானால் சப்ளையர் விருப்பமற்றவராகக் கருதப்படுவார் என்பது விதி. மிச்சமிருந்தது திங்கட்கிழமை வரப்போகும் ஒரே ஒரு அழைப்பு.

வானமாமலை மாட்டுங்காவுக்கு நேரிலேயே போய்ச் சந்திரமௌலியின் முன்னால் நின்றார்.

“சார், நான் வந்துட்டேன்லா. சரின்னு சொல்லுதேன், எழுதிக்கிடுங்க.”

“நீங்க சொல்றேள், நான் கேக்கறேன். டிரஸ்ட் கேக்கலையே. டிரஸ்டுக்குக் காது போன்லதான் இருக்கு.”

“அப்ப இங்கன நிக்குத ஆளு பொய்யா சார்?”

“பொய்னு யார் சொன்னா? நீங்க உண்மைதான். ரிக்கார்டு இல்லாத உண்மை. திங்கக்கிழமை கூப்பிடறேன், கட் பண்ணாம பேசுங்கோ.”

வீட்டில் மனைவி மாரீஸ்வரி ஒரு வழி கண்டுபிடித்தாள். எண்ணெய் தேய்க்கிற மாதிரி அவர் தலையை இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்துக்கொண்டு, இப்போது சரி என்று சொல்லுங்கள் பார்ப்போம் என்றாள். மனுஷனுக்குச் சரி முக்கி முனகித்தான் வந்தது. தலை ஆடாமல் சொன்ன சரி, போலீஸ் ஸ்டேஷனில் சொன்ன சரி மாதிரி இருந்தது. அப்புறம்தான் அவர் செம்பூரில் உள்ள கம்பெனியின் சர்வீஸ் சென்டருக்குப் போனார்.

அங்கே ஏசி உண்டு, காபி உண்டு, சுவரில் சிரிக்கும் குடும்பங்களின் படங்கள் உண்டு. போனைத் திறந்து பார்க்கிற ஆள் மட்டும் கிடையாது. ராஹில் என்ற இளைஞன் இருந்தான். தமிழர்கள் நிறைந்த சீத்தா கேம்ப் பகுதிப் பையன், சட்டையில் ‘வாடிக்கையாளர் மகிழ்ச்சி அதிகாரி’ என்று எழுதியிருந்தது. அவன்தான் அந்த இரண்டு வகை இலக்கணத்தை வானமாமலைக்கு உபதேசித்தான். உங்கள் போனுக்கு மட்டும் இப்படியென்றால் மாற்றித் தருவோம், எல்லோர் போனும் இப்படியென்றால் தரமாட்டோம், விசாரிக்கிறேன் என்று சொல்லி, அதே சந்தில் அதே போன் வாங்கியவர்களைக் கூப்பிட்டான்.

முதலில் தோல் வியாபாரி நாகூர் கனி. பேசும்போது கட்டாகிறதா என்று ராஹில் கேட்டான். கனி இல்லவே இல்லை என்று அடித்துச் சொன்னார். உல்லாஸ்நகர் வரைக்கும் இந்தப் போனைப் பற்றிப் பெருமை பீற்றி வைத்திருந்தவர் வேறென்ன சொல்வார்? போன் திருப்திதானா என்றான் ராஹில். கனி, “ஆமா” என்று சொல்லத் தொடங்கியதும் போன் கட்டாகிவிட்டது. ராஹில் கம்ப்யூட்டரில் ‘மிகவும் திருப்தி’ என்று பதிந்தான்.

அடுத்தது இட்லி விற்கும் முருகம்மாள். கட்டாகவே ஆகாது என்றாள். திருப்தியா என்றதும் அவள் போனும் கட்டாகிவிட்டது. இப்படியே சந்தில் பாதிப் பேர் திருப்தி அடைந்தார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறோம். சந்தே சேர்ந்து ஒரு லாரிப் பூசணிக்காயை மறைத்தது. தவணை கட்டிக்கொண்டிருக்கிற பொருள் மட்டம் என்று ஒப்புக்கொள்ள மனிதனுக்கு வாய் வராது.

பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த வானமாமலைக்கு அவர்கள் பொய் சொல்கிறார்கள் என்று நன்றாகத் தெரியும். ஆனால் அந்தப் பொய்யில்தான் அவருக்கு லாபம் இருந்தது. ஊர் போனெல்லாம் நல்ல போன் என்று ஆகிவிட்டதால் அவருடையது மட்டும் தயாரிப்புக் குறை என்று தீர்ப்பானது. அண்டை வீட்டார் வாழ்க என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு மாற்றுப் போனை வாங்கிவந்தார்.

அன்று சாயங்காலமே மச்சினன் கூப்பிட்டு, சௌக்கியமா என்றான். “ஆமா” என்று தலையைச் சாய்த்தார். கட்.

மறுநாள் காலையில் ராஹில் அவரை முன்னைவிட மரியாதையாக உட்காரவைத்தான்.

“அங்கிள், ரெண்டு போனு, ரெண்டுலயும் அதே பிராப்ளம். ரெண்டு போனுக்கும் காமன் என்ன சொல்லுங்க?”

“கம்பெனி.”

“இல்ல அங்கிள். நீங்க.”

வானமாமலை தன் தலையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

“பாருங்க அங்கிள், லேப்ல ஒரு தலை வச்சிருக்காங்க. ரப்பர்ல செஞ்சது. அது காதுல வச்சு லட்சம் மணி நேரம் டெஸ்ட் பண்ணியாச்சு. ஏக் பார் பீ, ஒரு தடவகூட கட் ஆகல.”

“அந்தத் தலை சரின்னு சொல்லுமா தம்பி?”

“அது எதுவும் சொல்லாது. சும்மா கேக்கும்.”

“அப்ப அதுக்கே போனை வித்துருக்கலாமே.”

ராஹில் கோபித்துக்கொள்ளவில்லை. கோபிக்காமலிருக்கத்தான் அவனுக்குச் சம்பளம். விசாரணையை முறைப்படி நடத்தினான். சரி என்றால் தலை சாய்கிற இந்தக் கோளாறு உங்களுக்கு மட்டுமா, உங்கள் ஆட்கள் எல்லோருக்குமா என்று கேட்டான். எல்லோருக்கும்தான் என்றார் வானமாமலை. அப்படியானால் அது தலையின் வடிவமைப்புக் குறை, அதற்குக் கம்பெனி பொறுப்பாகாது, தலையைத் தயாரித்த இடத்தில்தான் முறையிடவேண்டும் என்றான். தயாரித்த இடம் நாங்குநேரி, தயாரித்தவர்கள் காலமாகிவிட்டார்கள் என்று வானமாமலை தகவல் கொடுத்தார். வாரண்டி முடிந்ததற்கு ராஹில் அனுதாபம் தெரிவித்தான்.

குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்ததாம். கம்பெனி குழி பறித்ததோடு நிற்கவில்லை, குழிக்கு ஏணியும் விற்றது. ராஹில் கண்ணாடி அலமாரியிலிருந்து ஒரு கழுத்துப் பட்டையை எடுத்துவந்தான். விபத்தில் அடிபட்டவர்களுக்கு ஆஸ்பத்திரியில் மாட்டுவார்களே, அதே வர்க்கம். ‘உரையாடல் துணைக்கருவி’ என்று பெயர். அதை மாட்டிக்கொண்டால் தலை எந்தப் பக்கமும் சாயாது. விலை போனில் பாதி.

வானமாமலை அதைக் கையில் வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். ரெக்சின், உள்ளே ஸ்பான்ஜ், ஒரு பக்கிள். இதையெல்லாம் வாங்கித்தான் பட்டறையில் குவித்து வைத்திருக்கிறோமே என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து, தன் கழுத்துக்குத் தானே ஒன்று தைத்துக்கொண்டார்.

திங்கட்கிழமை மெஷின்களை நிறுத்திவிட்டுப் பட்டறையே அவரைச் சுற்றி நின்றது. மாரீஸ்வரி குலதெய்வத்துக்குக் காசு முடிந்து வைத்திருந்தாள். போன் அடித்தது. பட்டை கட்டிய கழுத்தோடு காதில் வைத்தார்.

“மிஸ்டர் வானமாமலை, இந்த விலைக்குச் சம்மதமா?”

“சரி சார். முழுச் சம்மதம்.”

தலை ஆடவில்லை. வார்த்தை போய்ச் சேர்ந்துவிட்டது. கடைசியில் மனுஷன் ஜெயித்துவிட்டார். அந்தப் பக்கம் சந்திரமௌலிக்கும் நிம்மதி. “அப்போ சரி” என்று அவர் ஆரம்பித்தார். அவரும் நம்மவர்தான். டிரஸ்ட் அந்த வருஷம் அதிகாரிகளுக்கு அன்பளிப்பாகக் கொடுத்ததும் அதே போன்தான். அவர் கழுத்தில் பட்டை கிடையாது. கட்.

இணைப்பு எந்தப் பக்கத்தில் துண்டானது என்று பார்க்க விதியில் இடமில்லை. துண்டானதா என்றுதான் பார்க்கவேண்டும். வானமாமலை விருப்பமற்றவர் ஆனார். சந்திரமௌலி அடுத்த சப்ளையரைக் கூப்பிட்டார், அதற்கடுத்தவரையும் கூப்பிட்டார். ஒவ்வொருவராக விருப்பம் இழந்துகொண்டே வந்தார்கள். ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்தபோது டிரஸ்டின் கையில் ஒரு பைகூட இல்லை.

சாதாரண மனிதனாக இருந்தால் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். டிரஸ்ட் அப்படியில்லை. ‘பையில்லாப் பள்ளி’ என்ற புரட்சிகரமான கல்வித் திட்டத்தை அறிவித்தது. சுமையற்ற முதுகே சுதந்திரமான மூளை என்று பேனர் கட்டினார்கள். பிள்ளைகள் புத்தகங்களைக் காய்கறிக்கடைப் பையில் போட்டு, மழையில் நனையாமல் சட்டைக்குள் செருகிக்கொண்டு போயின. எங்கள் பிள்ளை படிக்கிற ஸ்கூலில் பையே கிடையாதாக்கும் என்று மாட்டுங்கா மாடிகளில் பெற்றோர் பெருமைப்பட்டார்கள். மற்ற ஸ்கூல்காரர்களும் அதைக் காப்பியடித்தார்கள். சந்திரமௌலிக்குச் சால்வை போர்த்தினார்கள். அந்த மேடையில் அவர் ஏற்புரை சொல்வதற்குள் எத்தனை பை தைக்கிறவன் அடுப்பு அணைந்ததென்று யாரும் கேட்கவில்லை. எனக்கு வயிறு எரிகிறது, எழுதிவிட்டேன்.

வானமாமலை அம்பர்நாத்துக்குப் போகவில்லை. வெட்டிய ரெக்சின் மலையாகக் கிடந்தது. அதையெல்லாம் கழுத்துப் பட்டையாகத் தைத்துக் கம்பெனி விலையில் கால்வாசிக்குச் சந்தில் தொங்கவிட்டார். முதல் நாள் சாயங்காலம் நாகூர் கனி சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு ஒன்று வாங்கிப்போனார், போனுக்கு இல்லை, குளிருக்கு என்றார். மும்பையில் ஜூலை மாதம் குளிர்! அப்புறம் எல்லோருக்கும் குளிரெடுத்தது.

ஒரு மாதத்தில் அது நாகரிகமாகிவிட்டது. கல்யாணத்துக்கு ஜரிகை வைத்த பட்டை, ஆஃபீஸுக்குக் கறுப்புப் பட்டை. பட்டை கட்டியவரிடம் அந்தப் போன் இருக்கிறது என்று அர்த்தம் என்பதால் போன் வாங்க வக்கில்லாதவர்களும் கட்டிக்கொண்டார்கள். லோக்கல் ரயிலில் நோயாளி என்று நினைத்து எழுந்து இடம் கொடுத்தார்கள். எல்லோரும் கட்டிக்கொண்டபின் யாரும் யாருக்கும் எழவில்லை. சந்து முழுக்க மனிதர்கள் கழுத்தைத் திருப்ப முடியாமல், நடக்கும்போது கீழே சாக்கடையையும் பார்க்க முடியாமல், கவர்னர் போலப் போய்வந்தார்கள். வானமாமலை இன்னும் நான்கு மெஷின் வாங்கினார். மச்சினன் அம்பர்நாத் வேலையை விட்டுவிட்டு வந்து அவரிடமே சேர்ந்தான்.

அப்புறம்தான் ஒருநாள் முருகம்மாள் பட்டறைக்கு வந்தாள். வந்தவர்களை வரிசையில் உட்காரவைக்க இப்போது அங்கே ஒரு பெஞ்சு இருந்தது. சுவரில் சிரிக்கும் குடும்பத்தின் படமும் மாட்டியிருந்தது. அவள் முறை வந்ததும் எழுந்து நின்றாள்.

“அண்ணாச்சி, பட்டை கழுத்த அறுக்கு. சுத்திப் புண்ணாப் போச்சு. குனிஞ்சு இட்லிக் கொப்பரையப் பாக்க முடியல. வேற மாத்திக் குடுங்க.”

வானமாமலை பட்டையைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

“ஊரே கட்டிக்கிட்டுத் திரியுது. வேற ஒருத்தரும் புண்ணுன்னு வந்து நிக்கலையே.”

“எல்லாருக்கும் புண்ணுதான். சொல்லமாட்டாவ.”

“சொல்லாட்டி இல்லைன்னுதான அர்த்தம். பட்டையில குத்தமில்ல, ஒங்க கழுத்துலதான் என்னமோ இருக்கு. சம்மதந்தான?”

நம்மவர்களுக்கு மறுப்பு வாய்க்கு வருமுன் தலைக்கு வந்துவிடும். முருகம்மாள் இல்லை என்று தலையை ஆட்டப் பார்த்தாள். தையல் நல்ல தையல், தலை இம்மியும் அசையவில்லை. ஆட்சேபணை ஏதுமில்லை என்று எடுத்துக்கொண்டு வானமாமலை அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.