லவோன் வீட்டு ட்ரேயும் என் சாக்லேட் பட்டையும்

எல்க் பெண்ட், மினசோட்டா
அக்டோபர் கடைசி ஞாயிறு

அன்பும் மரியாதையும் நிறைந்த அக்கா ஆர்டிஸுக்கு,

உன் தம்பி ஆரின் எழுதிக்கொள்வது. இங்கே நானும் நலம், டிரக்கும் நலம், இடது முழங்கால் மட்டும் பனி வருது பனி வருது என்று தினமும் அறிவிப்புக் கொடுக்கிறது. அரிசோனா வெயிலில் நீயும் அத்தானும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். குளிர்காலத்துக்கு எங்களோடு வந்து இருடா என்று என் வீட்டுக்காரி ஜாய்ஸ் போனதிலிருந்து கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறாயே, இதோ வருகிறேன். படுக்கையைத் தட்டிப் போட்டு வை. இனிமேல் இந்த ஊரில் என்னால் தலைகாட்ட முடியாது. இதற்கு முழுப் பொறுப்பும் உன்னுடையதுதான், ஏனென்றால் "அடுப்பே வேண்டாம்டா, சாக்லேட்டை உருக்கி ட்ரேயில ஊத்தி, ஆறினதும் உடைச்சா சாக்லேட் பட்டை, உன்னாலகூட முடியும்" என்று போனில் சொன்னது நீதான்.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஜாய்ஸின் அடக்கத்துக்கு மறுநாள் ஊரே ட்ரே ட்ரேயாகச் சமைத்துக் கொண்டுவந்து கொடுத்ததே, ஞாபகம் இருக்கிறதா? மற்றவர்கள் கொண்டுவந்ததெல்லாம் தூக்கிப் போடுகிற காகிதத் தட்டு. நம் தேவாலயத்தில் பியானோ வாசிக்கிற லவோன் மட்டும் நல்ல அலுமினிய ட்ரேயில் நூடுல்ஸும் கறியும் கொண்டுவந்தார். அடியில் காகித டேப் ஒட்டி, அதில் 'லவோன்' என்று பெயர். சாப்பாடு அருமை. பாத்திரத்தைக் காலியாகத் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்று அம்மா நம் இரண்டு பேர் தலையிலும் குட்டிக் குட்டிச் சொல்லித் தந்திருக்கிறாள். எனக்கோ முட்டை வேகவைக்கத் தெரியாது. அதனால் ட்ரே என் வீட்டிலேயே தங்கிவிட்டது. லவோன் தனிக்கட்டை, நானும் தனிக்கட்டை. ஒவ்வொரு ஞாயிறும் அவர் என்னைப் பார்த்துச் சிரிப்பார், எனக்கோ அவர் முகத்தில் அந்த ட்ரேதான் தெரியும். வாய் திறந்து ஒரு வார்த்தை பேச முடியாது. அக்கா, உன்னிடம் ஒளிப்பானேன், பேச வேண்டும் என்று ரொம்ப ஆசை.

அதனால்தான் கோயிலில் நடக்கும் அறுவடை விருந்துக்கு அந்த ட்ரேயிலேயே ஏதாவது செய்து எடுத்துப் போய், விருந்து முடிந்ததும் மிச்சத்தோடு அவர் கையில் கொடுத்துவிடலாம் என்று திட்டம் போட்டேன். நேரே அவர் வீட்டு வாசலில் டிரக்கை நிறுத்தினால், நான் கீழே இறங்குவதற்குள் ஊரில் கல்யாணத் தேதி குறித்துவிடுவார்கள்.

சாக்லேட்டை மைக்ரோவேவில் உருக்கு என்றாய். உருக்கினேன். கொஞ்சம் கெட்டியாக இருந்தது. பெயின்ட் கெட்டியானால் என்ன செய்வோம்? அதே மாதிரி குடித்துக்கொண்டிருந்த காப்பியைக் கொஞ்சம் அதில் ஊற்றிக் கலக்கினேன். அவ்வளவுதான், பளபள என்று இருந்தது ஒரே நொடியில் சேற்று உருண்டையாகிக் கரண்டியைப் பிடித்துக்கொண்டது. ஒரு சொட்டு ஈரம் படக் கூடாது என்று நீ ஏன் சொல்லவில்லை? கேட்கலாம் என்று போன் போட்டால், நீ நீச்சல் குளத்தில் மற்ற கிழவிகளோடு உடற்பயிற்சி செய்கிறாய் என்றார் அத்தான். மறுபடி கடைக்குப் போய் சாக்லேட் வாங்கி வந்து, இந்தத் தடவை மூச்சுக்காற்றுகூடப் படாமல் உருக்கினேன். அழகாக வந்தது! நானே நம்பவில்லை! சமையலறையில் நின்று கைதட்டினேன்.

மேலே தூவ உப்பு பிரெட்சல் பிஸ்கட், காய்ந்த கிரான்பெர்ரிப் பழம், பூசணி விதை என்றாய். வாசற்படியில் முகம் செதுக்கி வைத்த பூசணியின் விதை வீட்டிலேயே இருக்கும்போது கடையில் எதற்கு வாங்குவது? ஆனால் அது சொதசொத என்று ஈரம். ஓவனில் வறுக்கலாம், அதை எப்படிப் போடுவதென்று எனக்குத் தெரியாது. டிரக்கில் முன்கண்ணாடிப் பனியை உருக்கச் சூடு அடிக்குமே, அந்த இடத்தில் விதையைப் பரப்பி, ஹீட்டரை முழுசாகத் திருகிவிட்டு, ஊரைச் சுற்றிச் சுற்றி வந்தேன். வழியில் கேலன் ஏறிக்கொண்டான். என்னோடு ஏரி ஐஸில் துளை போட்டு மீன் பிடிக்கிற அதே கேலன்தான்.

"என்னடா, வண்டிக்குள்ள அடுப்பு வெச்சிருக்க? வேர்த்து ஊத்துது!"

"பேசாம வா. விதை காயுது."

"ஓ, எனக்கா?" என்று ஒரு பிடி அள்ளி வாயில் போட்டுக்கொண்டான்.

வீட்டுக்கு வந்து, கெட்டியாகியிருந்த சாக்லேட்டை மறுபடி இளக்கி லவோனின் ட்ரேயில் ஊற்றி, மிஞ்சிய விதையை மற்றவற்றோடு மேலே தூவினேன். ஆற வை என்றாய். கராஜில் இருக்கிற ஃப்ரிட்ஜில் ஒரு பக்கம் மான்கறி, மறுபக்கம் தூண்டில் புழு. வெளியேதான் இலவசமாக ஃப்ரிட்ஜ் இருக்கிறதே என்று பின்பக்க வராந்தாக் கைப்பிடிச் சுவரில் வைத்துவிட்டுக் கொஞ்சம் கண்ணயர்ந்தேன். எழுந்து போய்ப் பார்த்தால் சாக்லேட் அப்படியே இருக்கிறது, விதையை மட்டும் காணோம். ஒவ்வொரு விதை இருந்த இடத்திலும் ஒரு பள்ளம். கிளை பரப்பிய நம் மேப்பிள் மரத்தில் ஒரு அணில் உட்கார்ந்து என்னையே பார்த்துக் கன்னம் உப்ப மென்றுகொண்டிருக்கிறது, வெட்கமே இல்லாமல்! ஹாலோவீன் ராத்திரி வீடு வீடாக மிட்டாய் கேட்டு வரும் பிள்ளைகளுக்காக வாங்கி வைத்த ஆரஞ்சு மிட்டாயை எடுத்து ஒவ்வொரு பள்ளத்திலும் கட்டைவிரலால் அழுத்தினேன். பார்க்க இன்னும் நன்றாகத்தான் இருந்தது என்று வை.

ஆனால் ஒட்டாமல் இருக்க ட்ரேயில் முதலில் காகிதம் விரிக்க வேண்டும் என்றாயே, அதை மட்டும் நான் மறந்துவிட்டேன்.

கோயில் அடித்தள மண்டபத்தில் இனிப்பு மேஜை. லவோன் ஓவனில் சுட்ட ஆப்பிள் பை நடுவில் ராணி மாதிரி உட்கார்ந்திருக்கிறது. என் ட்ரேயை ஓரமாக வைத்துவிட்டுத் தூண் மறைவில் நின்றேன். முதலில் வந்தவர் முள்கரண்டியால் குத்தினார். கரண்டி வளைந்தது, பட்டை அசையவில்லை. அவர் கரண்டியைச் சட்டைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, "ரொம்ப... வித்தியாசமா இருக்கு" என்று சொல்லி நகர்ந்தார். நம் ஊரில் இதைவிட மோசமான வசவு கிடையாது என்று உனக்குத் தெரியும். அடுத்து வந்தவர், அதற்கடுத்து வந்தவர், எல்லோரும் குத்திவிட்டு, "வித்தியாசமா இருக்கே!" என்று சொல்லிச் சொல்லிப் போகிறார்கள். கேலனுக்கு ரோஷம் வந்துவிட்டது. டிரக்கிலிருந்து ஐஸ் உடைக்கிற உளியைக் கொண்டுவந்து ஒரே போடு போட்டான் பாரு! ஒரு துண்டு பறந்து போய்ப் பாஸ்டரம்மா கிர்ஸ்டன் கையிலிருந்த காப்பிக் கோப்பையில் தொப்பென்று விழுந்தது.

பாஸ்டரம்மா கோபப்படவில்லை, அவர் அப்படிப்பட்டவர் இல்லை. "பாவம், யாரோ ஆசையா செஞ்சிருக்காங்க. யாருதுன்னு பார்ப்போம்" என்று ட்ரேயைத் தலைக்குமேல் தூக்கி அடியைப் படித்தார். "அட, நம்ம லவோனுது!"

அக்கா, எனக்கு உயிரே போய்விட்டது. மண்டபம் முழுக்க லவோன் பக்கம் திரும்பியது. எத்தனை வருஷமாக ஆப்பிள் பைக்கு முதல் பரிசு வாங்குகிற பெண்மணி!

"லவோன், உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்றார் ஒருவர்.

"கை நடுங்குதோ என்னமோ. என் மாமியாருக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது," என்றார் இன்னொருவர்.

"அடுத்த வருஷம் நீங்க காகிதத் தட்டு மட்டும் கொண்டாங்க, போதும்," என்றார் மூன்றாமவர்.

லவோன் மெல்லத் திரும்பினார். ட்ரேயைப் பார்த்தார், பிறகு நேரே தூணைப் பார்த்தார். நான் பெரிய ஆள், தூண் ஒல்லி. வேறு வழி? வெளியே வந்தேன்.

"அது நான் செஞ்சது. ட்ரேதான் அவங்களுது. காலியாத் திருப்பித் தரக் கூடாதுன்னு இத்தனை நாளா வெச்சிருந்தேன். சமைக்கத் தெரியல. மன்னிச்சுக்குங்க, லவோன்."

லவோன் எழுந்து வந்து, ட்ரேயைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, "ரொம்ப வித்தியாசமா இருக்கு, ஆரின்" என்று சொல்லிவிட்டு, கோட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டார். தன் ஆப்பிள் பையைக்கூட எடுத்துக்கொள்ளவில்லை. கேலன் என் முதுகில் தட்டி, "விடுடா, நமக்கு மீன் பிடிக்கிறது இருக்கு" என்றான். எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஆகவே அக்கா, பெண்கள், சாக்லேட் இரண்டோடும் என் சகவாசம் முடிந்தது. வியாழக்கிழமை புறப்படுகிறேன். சமையலறைப் பக்கமே என்னை விடாதே. அத்தானுக்கு என் அன்பைச் சொல். பக்கத்து வீட்டுக்காரர்களுக்கும் உன் நாய்க்கும் என் விசாரிப்பு. கர்த்தர் உங்கள் இருவரையும் நல்ல வெயிலோடும் வலியில்லாத மூட்டுகளோடும் காப்பாராக.

உன் அடங்கிப்போன தம்பி,
ஆரின்

பி.கு.: உறையை ஒட்டப் போன நேரத்தில் கதவு தட்டும் சத்தம். லவோன்! அவர் கார் என் வாசலிலேயே, ஊர் பார்க்க, நடு வெளிச்சத்தில் நிற்கிறது. கையில் அதே ட்ரே, நிறைய நூடுல்ஸும் கறியும். "வெந்நீர்ல வெச்சேன், பட்டை தானா வந்துடுச்சு. பாதி தின்னுட்டேன், அந்த மிட்டாய் வெச்ச இடம்தான் ரொம்ப நல்லா இருக்கு," என்றார். "ஆனா இது உங்க ட்ரேயாச்சே, என்கிட்ட எதுக்குத் திருப்பித் தரீங்க?" என்று மடையன் மாதிரி கேட்டேன். "திருப்பித் தரல ஆரின், கடனாக் குடுக்கறேன். காலியா மட்டும் கொண்டுவராதீங்க. இந்தத் தடவை ரெண்டு வருஷம் எல்லாம் காத்திருக்க மாட்டேன்," என்றார். படுக்கை போடாதே, நான் வரவில்லை. அடுப்பு இல்லாமல் வேறு என்ன செய்யலாம், உடனே எழுது. எழுத வேண்டாம், போன் பண்ணு. குளத்தில் இறங்குவதற்கு முன்னால் பண்ணு.