ஏதேனும் ஒரு கட்டத்தில் டிக் செய்யவும்

வங்கி கொடுத்த விண்ணப்பத்தில் நாற்பத்திரண்டு கேள்விகள். நாற்பத்தொன்றுக்கு வல்லிநாயகம் எழுதி முடித்துவிட்டார். மிஞ்சியது ஒன்று. ‘நிறுவனத்தின் சட்ட அமைப்பு: ஏதேனும் ஒரு கட்டத்தில் டிக் செய்யவும்.’ அதன் கீழே ஐந்து கட்டங்கள்.

முதல் கட்டம் தனியுரிமை. அதில் பேனாவை வைக்கப் போனபோது மனைவி அனுசியா தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள்.

“அதப் போட்டா என்ன ஆவும்?”

“எல்லாத்துக்கும் நான்தான் முதலாளி.”

“தொழில் படுத்துட்டா?”

“எல்லாத்துக்கும் நான்தான் பொறுப்பு.”

“அப்ப இந்த வீடு?”

வல்லிநாயகம் பேனாவை மூடினார்.

பதினான்கு வருடம் பார்த்த ஃபைனான்ஸ் கம்பெனி வேலையை அவர் விட்டாகிவிட்டது. கடைக்காரர்களுக்கு வங்கியில் தொழில் கடன் வாங்கிக் கொடுக்கும் புரோக்கர் ஆபீஸ் திறக்க வேண்டும். ஆனால் தென்காசி வட்டாரத்துக்கு வங்கி ஒரே ஒரு ஏஜென்சிதான் தரும். குறையில்லாத விண்ணப்பத்தை யார் முதலில் கொடுக்கிறாரோ அவருக்கு. கடைசி நாள் வெள்ளிக்கிழமை. அது கைநழுவினால் பழைய கம்பெனிக்கும் திரும்ப முடியாது. அவருடைய நாற்காலியில் வேறொருவன் துண்டு விரித்துவிட்டான்.

திங்கட்கிழமை ஆடிட்டர் குற்றாலீஸ்வரனைப் பார்க்கப் போனார். குற்றாலத்தில் தண்ணீர் நன்றாக விழும் நாட்களில் தென்காசியில் பாதி ஆபீஸ்களில் ஃபேன் மட்டும்தான் வேலை பார்க்கும். நல்லவேளை, இங்கே ஃபேனுக்கு அடியில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். வெள்ளைச் சட்டை, கண்ணாடி, கையில் ஒரு நோட்டு.

“சார், தனியுரிமை போட்டா வீட்டுக்கு ஆபத்தா?”

அவர் நோட்டைப் புரட்டினார். சுவரைப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார். வெளியே ஒரு பஸ் வந்து நின்று, ஆளை இறக்கிவிட்டுப் போனது. அந்த மௌனம் வல்லிநாயகத்துக்குப் பிடித்துவிட்டது. விஷயம் தெரியாதவர்கள் உடனே பேசிவிடுவார்கள்.

“பார்ட்னர்ஷிப் போட்டுப் பாருங்களேன்” என்றார் அவர் கடைசியில். “என்ன ஆவுதுன்னு நாளைக்கு வந்து சொல்லுங்க.”

“பீஸ் சார்?”

“சேச்சே!”

நண்பன் மன்சூர் துபாயிலிருந்து திரும்பி செல்போன் கடை வைத்திருந்தான். பார்ட்னர் என்றதும் கட்டிப்பிடித்துக்கொண்டான். பத்திரத்தை எழுத உட்கார்ந்தபோதுதான் கையை எடுத்தான்.

“ஏலே வல்லி, நீ தப்பு பண்ணா கடன் குடுத்தவன் என் கடைக்கும் வருவானா?”

“வருவான்.”

“நாப்பது வருசப் பழக்கத்துக்கு இதாலே மரியாத?”

வீட்டுக்கு வந்தால் மச்சினன் விஜய்பாண்டி யூனிஃபார்மோடு உட்கார்ந்திருந்தான். ஆலங்குளத்தில் போலீஸ்காரன்.

“அத்தான், ஊர்ல பார்ட்னருக்கு ஆளா இல்ல? நான் உங்களுக்கு யாரு?”

அனுசியா அன்று உலை வைக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை எல்லாவற்றையும் ஆடிட்டரிடம் சொன்னார். அவர் ஒரு வார்த்தை விடாமல் நோட்டில் எழுதிக்கொண்டார்.

“மச்சினன் என்ன சொன்னாருன்னு இன்னொருக்கா சொல்லுங்க.”

சொன்னார். அதையும் எழுதிக்கொண்டார்.

“எல்.எல்.பி.ன்னு பொறுப்புக்கு வரம்பு வச்ச பார்ட்னர்ஷிப் இருக்கு, போட்டுப் பாருங்க. அதுல ஒருத்தர் தப்புக்கு இன்னொருத்தர் கடைக்கு வர மாட்டான்னு கேள்வி.”

மன்சூர் சமாதானமானான். விஜய்பாண்டியும் சேர்ந்தான். ஆனால் சர்க்கார் வேலைக்காரன் தொழில் செய்ய மேலதிகாரியிடம் அனுமதி வாங்க வேண்டும்.

“அவர்கிட்ட எவன் போய்க் கேப்பான்? ஆனந்தவள்ளி பேரப் போட்டிருங்க அத்தான்” என்று மனைவியின் பெயரைக் கொடுத்தான்.

“அவன் பொண்டாட்டி இருந்தா எம் பொண்டாட்டி ஹைருன் பீவியும் இருக்கட்டும்லே” என்றான் மன்சூர்.

“அப்ப நான் மட்டும் யாராம்?” என்றாள் அனுசியா.

இப்படியாகப் பெண்கள் மூவர் சேர்ந்தார்கள். யார் பெயரை முதலில் எழுதுவது என்பதில் மூவரும் பிரிந்தார்கள்.

புதன்கிழமை ஆடிட்டர் வல்லிநாயகத்தை வாசலிலேயே எதிர்கொண்டார். “என்னாச்சு? உக்காருங்க. மொதல்லேருந்து சொல்லுங்க.” தன் மேல் இவ்வளவு அக்கறை கொண்ட மனிதரை வல்லிநாயகம் வாழ்க்கையில் பார்த்ததில்லை. 

“பிரைவேட் லிமிடெட் போட்டுப் பாருங்க. மூணு பேரும் டைரக்டர். சண்டையே வராது.”

டைரக்டர் என்ற சொல் மூவருக்கும் பிடித்திருந்தது. முதல் கூட்டத்தை ஐந்தருவியில் வைத்தார்கள். வல்லிநாயகம் கரையில் துணிமணிகளுக்கும் மூன்று ஜோடிச் செருப்புக்கும் காவல் இருந்தார். தலை சொட்டச் சொட்ட வந்த டைரக்டர்கள், சூடான பஜ்ஜியைத் தின்றுகொண்டே ஒரு தீர்மானத்தை ஒருமனதாக நிறைவேற்றியிருந்தார்கள்.

“ஏங்க, கோவிச்சுக்கிடாதீங்க” என்றாள் அனுசியா. “முதலாளி நாங்க மூணு பேரு போதும். உங்கள மாசச் சம்பளத்துக்கு வச்சிக்கிடுதோம்.”

பதினான்கு வருடச் சம்பளக்காரர் செருப்புகளைப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் நின்றார்.

வியாழக்கிழமை இதைக் கேட்டு ஆடிட்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தோள்கள் லேசாகக் குலுங்கின. அழுகிறார் என்றே வல்லிநாயகம் நினைத்தார்.

“இன்னும் ஒண்ணு பாக்கி இருக்குல்லா. ஒன் பர்சன் கம்பெனி. நீங்க ஒரே ஆளு. நீங்க இல்லாமப் போனா யாருக்குன்னு ஒரு நாமினி பேரு மட்டும் எழுதணும். போட்டுப் பாருங்க.”

வீட்டுக்கு வந்ததும் வல்லிநாயகம் அனுசியாவிடம் தாளை நீட்டினார். “ஏட்டி, நான் செத்துப்போனா கம்பெனி உனக்கு. இங்கன ஒரு கையெழுத்துப் போடு.”

அனுசியா தாளைப் பார்த்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள். நாலு நாளாக அவர் சரியாகச் சாப்பிடாததும், தூக்கத்தில் புலம்பியதும் அவளுக்கு அப்போதுதான் விளங்கின.

“எந்த டாக்டர்ட்ட காட்டுனீங்க? என்ன நோவுன்னு சொன்னான்?” என்று அலறியபடி உட்கார்ந்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை காலைக்குள் சேதி ஊர் முழுக்கப் பரவிவிட்டது. இலத்தூர் சொந்தக்காரர்கள் ஆரஞ்சுப் பழமும் ஹார்லிக்ஸுமாக வந்து இறங்கினார்கள். அவரைக் கட்டிலில் படுக்க வைத்தார்கள். மன்சூர் காலடியில் உட்கார்ந்து அழுதான்.

“கடை என்னலே கடை! நீ தப்பு பண்ணு. எவ்வளவு வேணும்னாலும் பண்ணு.”

“எனக்கு ஒண்ணுமில்லலே!”

“கடைசியில எல்லாரும் அப்படித்தாம்லே சொல்லுவாங்க.”

விஜய்பாண்டி தொப்பியைக் கழற்றிவிட்டு, “அத்தான், எத்தன நாள்னு சொல்லியிருக்கான்?” என்று மெதுவாகக் கேட்டான்.

மூன்றரை மணிக்கு, டாக்டரைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்றார் வல்லிநாயகம். கூட்டம் மரியாதையோடு வழிவிட்டது. அவர் நேராக வங்கிக்கு ஓடினார். எது வந்தாலும் சரி, முதல் கட்டத்திலேயே டிக் செய்துவிடலாமா? வீடு போனால்? கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைக் குத்திவிடலாமா? வங்கிப் படியேறும்போதும் அந்த ஒரு கேள்வி வெறுமையாகவே இருந்தது.

மேனேஜர் அறைக் கதவு திறந்தது. வெளியே வந்தவரைப் பார்த்ததும் வல்லிநாயகத்துக்குப் போன உயிர் வந்தது.

“குற்றாலீஸ்வரன் சார்! கடவுள் மாதிரி வந்தீங்க. எதப் போடணும்னு நீங்களே ஒரு வார்த்த சொல்லிருங்க சார்!”

அவர் தரையைப் பார்த்தார்.  பிறகு வல்லிநாயகத்தின் கையைப் பிடித்து அழுத்திவிட்டு, விறுவிறுவென்று படியிறங்கிப் போய்விட்டார்.

வரவேற்பு மேசையில் இருந்த சஃப்ரின் என்ற பெண் நிமிர்ந்து பார்த்தாள்.

“ஆடிட்டர் குற்றாலீஸ்வரனா? அவரு அருவிக்குப் போயி ஒரு வாரமாச்சே அண்ணாச்சி! இவரு நம்பிராஜன், இதே விண்ணப்பத்தோட அவரப் பாக்க அவரு ஆபீஸ்லயே காத்துக் கெடந்தாராம். ஏஜென்சி இப்பதான் இவருக்குக் கொடுத்தோம். தனியுரிமைதான் நல்லதாம், மத்த நாலையும் யாரோ ஒருத்தர வச்சுப் போட்டுப் பாத்துட்டாராம்.”