மீனெண்ணெய்ச் சபதம்

இந்தக் குளிர்காலத்துக்கு நான் இரண்டு சபதம் எடுத்தேன். ஒன்று, ஒரு சொட்டு மீனெண்ணெய்கூடக் குடிக்கமாட்டேன். இரண்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் என் மனைவி வசந்தமலரோடு காட்டுக்கு நடக்கப் போகமாட்டேன். இரண்டையும் உரத்த குரலில்தான் எடுத்தேன். அவள் வேலைக்குப் போயிருந்த நேரம் பார்த்து.

நோர்வேக்காரருக்கு ஒரு வழக்கம் இருக்கிறது. பெயரில் ‘ர’ வருகிற மாதமெல்லாம் காலையில் ஒரு கரண்டி மீனெண்ணெய் குடிப்பார்கள். செப்டெம்பரில் வாயைத் திறந்தால் ஏப்ரல் முடியத்தான் மூடலாம். பாலர் பாடசாலையில் வேலை செய்யும் வசந்தமலர், அந்த வழக்கத்தை அங்கிருந்து நேரே ஒஸ்லோவின் புருசெத் பகுதியில் இருக்கிற எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டாள்.

“நாங்கள் தமிழர். தமிழ் மாசத்தைத்தான் பார்க்கோணும்,” என்றேன். “கார்த்திகையும் மார்கழியும் மட்டும் குடிக்கிறன்.”

“புரட்டாதியிலை இல்லையோ? சித்திரையிலை?”

“ஐப்பசியிலை இல்லையே.”

“ஐப்பசியிலை எனக்காகக் குடியுங்கோ. வாயைத் திறவுங்கோ.”

பகிடியை விட்டுவிட்டுச் சொன்னால், அவள் பயந்ததில் பிழையில்லை. போன குளிர்காலம் நான் ஒரு மாதிரி ஆகிவிட்டேன். விடிய முன்னம் களஞ்சிய வேலைக்குப் போய், இருட்டிய பிறகு வந்து, வரவேற்பறைச் செற்றியில் விழுந்தால் எழும்பமாட்டேன். ஒருவரோடும் கதைக்கப் பிடிக்கவில்லை. வைட்டமின் டி அடிமட்டத்தில் இருக்கிறது என்றார் டாக்டர்.

“இன்னொருக்கா உங்களை அப்பிடிப் பார்க்க என்னாலை ஏலாது,” என்று வசந்தமலர் சொன்னபோது அவள் குரல் இறங்கியிருந்தது. எனக்கும் கவலையாகத்தான் இருந்தது. ஆனால் அந்த நாற்றத்தை எப்படி ஐயா குடிக்கிறது?

அவளுக்குக் குளிர் ஒரு பொருட்டே இல்லை. கோயிலுக்குப் போனால் சேலைக்குள்ளே கம்பளிக் காற்சட்டை. தோசை மா புளிக்காவிட்டால், சூடு ஓடுகிற குளியலறைத் தரையில் சட்டியை வைத்து விடியும்போது பொங்க வைத்துவிடுவாள். நித்திரைக் கண்ணோடு நான் அதற்குள் கால் வைத்த கதை இங்கே வேண்டாம். ஞாயிறென்றால் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு சிநேகிதிகளோடு பனிக்காட்டுக்குள் இறங்குவாள். இந்த நாட்டுக்காரிகளே அவளுக்குப் பின்னால்தான் நடப்பார்கள். போர்வைக்குள் இருந்தபடி யன்னலால் பார்த்து நான் பெருமைப்படுவேன்.

என் திட்டம் சுலபமானது. மீனெண்ணெய் இருந்த கரும்பச்சைப் போத்தலை வெறுமையாக்கி, நல்லெண்ணெயை நிரப்பினேன். எடுத்ததைப் பாத்திரம் கழுவும் தொட்டியில் ஊற்றினால் மணம் காட்டிக்கொடுத்துவிடும். அதனால் ஒரு ஜாம் போத்தலில் விட்டு, கீழ்வீட்டுச் சோதிலிங்கத்திடம் கொடுத்தேன்.

“எங்கையெண்டாலும் கொண்டுபோய் எறி. வசந்திக்குத் தெரியக்கூடாது.”

“என்னை நம்பு மச்சான்,” என்றான்.

புதுப் போத்தல் வந்தபோதெல்லாம் இதே வேலைதான். காலையில் ஒரு கரண்டி நல்லெண்ணெயை விழுங்கி, முகத்தை எட்டுக் கோணலாக்கி, கண்ணில் தண்ணீரும் வரவழைப்பேன். அப்படி ஒரு நடிப்பை இந்த ஒஸ்லோ நகரம் கண்டிருக்காது.

“குடிச்சாச்சோ?”

“குடிச்சாச்சு.” அதையும் தழுதழுத்துத்தான் சொல்வேன்.

“நல்லெண்ணெய் ஏன் இவ்வளவு கெதியிலை முடியுது?”

“தலைக்கு வைக்கிறனான்.”

அவள் என் தலையைப் பார்த்தாள். அங்கே எண்ணெய் வைக்க இடம் தாராளமாக இருந்தது. மயிர்தான் இல்லை. பிறகு சமைக்கக் குசினிக்குள் போய்விட்டாள். வென்றுவிட்டேன் என்று நினைத்தேன்.

இதற்கிடையில் அவளுடைய மீன்குழம்புக்கு எங்கிருந்தோ ஒரு தனி ருசி வந்துவிட்டது. நான் சோற்றுக் கோப்பையை வழித்து வழித்துச் சாப்பிட்டேன்.

“வசந்தி, உம்மடை கைருசியே கூடிட்டுது.”

“அப்பிடியோ? இன்னும் கொஞ்சம் விடட்டோ?”

பெப்ரவரியில் இரத்தத்தைச் சோதித்த டாக்டர், வைட்டமின் டி நன்றாக ஏறியிருக்கிறது என்று என் கையைக் குலுக்கினார். உடம்பு தேறியது எனக்கும் முன்னமே தெரிந்திருந்தது. வேலையால் வந்தால் வாய் ஓயாமல் கதைக்கிறேன், பட்மின்டனுக்குக்கூடப் போகிறேன். அன்று பின்னேரம் சோதிலிங்கம் தேத்தண்ணிக்கு வந்திருந்தான். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

“வசந்தி, ஒரு உண்மை சொல்லுறன். இவ்வளவு நாளும் நான் குடிச்சது நல்லெண்ணெய். யாழ்ப்பாணத்து வெயில் என்ரை உடம்பிலை இன்னும் ஊறிக் கிடக்கு. அதுதான் காப்பாத்தினது.”

“ஒரு சொட்டு மீனெண்ணெயும் உள்ளுக்குப் போகேல்லையோ?”

“ஒரு சொட்டுப் போயிருந்தாலும் ஞாயிறுதோறும் உம்மோடை காட்டுக்கு வாறன். சோதிலிங்கம் சாட்சி.”

சாட்சி தேத்தண்ணிக்குள் முகத்தைப் புதைத்தான். அப்போதே எனக்கு விளங்கியிருக்க வேண்டும்.

வசந்தமலர் குசினிக்குள் போய், அந்த ஜாம் போத்தலோடு வந்தாள்.

“நீங்கள் குடுத்த அண்டைக்கே அண்ணை கொண்டுவந்து தந்திட்டார். குழம்பை அடுப்பாலை இறக்கி, உங்கடை கோப்பையிலை மட்டும் ஒரு கரண்டி விடுறனான். வெள்ளிக்கிழமை மரக்கறி எண்டபடியால் அண்டைக்கு உங்களுக்கு லீவு.”

“உன்னை நம்பினனே, மச்சான்.”

“போன வருசம் நீ கிடந்த கிடையைப் பார்த்தனான்,” என்றான் சோதிலிங்கம். பிறகு மெதுவாக, “வசந்தி தங்கச்சி குழம்பும் தந்து விட்டவ,” என்றான்.

“மருந்து வேண்டாமெண்டு அழுகிற பிள்ளையளுக்கு நாங்கள் வேலையிலை யோகட்டுக்குள்ளை கலந்துதான் குடுக்கிறனாங்கள்,” என்றாள் வசந்தமலர். “அதுகள் உங்களளவுக்கு நடிக்கிறேல்லை.”

என் மனிசியை நினைத்து ஆத்திரப்படத்தான் பார்த்தேன். முடியவில்லை. ஒரு குளிர்காலம் முழுக்க, ஒரு வார்த்தை சொல்லாமல், கரண்டி கரண்டியாக என்னைத் தூக்கி நிறுத்தியிருக்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை நெற்றியில் விளக்கோடு காட்டுக்குப் போனேன். அவள் முன்னால் நடந்தாள். விடிந்து வர, பைன் மரங்களுக்கு இடையில் சாய்ந்த வெயில் பனியில் விழுந்து கிடந்தது. இவ்வளவு வடிவான ஒன்றைச் செற்றியில் கிடந்து தவறவிட்டேனே என்று இருந்தது. அதை அவளிடம் சொல்லவில்லை. மிச்சமிருந்த மானம் அதுதான்.

வீட்டுக்கு வந்ததும் மீன்குழம்பு பரிமாறினாள்.

“பயப்படாமல் சாப்பிடுங்கோ. இண்டைக்கு ஒண்டும் கலக்கேல்லை.”

ஒரு வாய் சாப்பிட்டேன். இன்னொரு வாய் சாப்பிட்டேன். ஏதோ குறைந்தது. அவள் யன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சத்தம் போடாமல் எழும்பிப்போய், அந்த ஜாம் போத்தலை எடுத்து, என் கோப்பையில் நானே ஒரு கரண்டி விட்டேன்.