முப்பது நாள் பாயும் ஆறு பத்து பஸ்ஸும்

திண்டுக்கல் வட்டாரத்தில் ஒரு பஸ் தன் தடத்தை விட்டு நாலடி நகரவேண்டும் என்றால், அது ஓட்டுநருக்குத் தெரிவதற்கு முன்னால் எங்கள் தெரு முப்பது நாள் பாய்க்குத் தெரிந்துவிடும். ஓட்டுநருக்கு ஆர்டர் கைக்கு வந்த பிறகுதான் தெரியும். பாய்க்கு நோட்டீஸ் ஒட்டிய பசை காய்வதற்குள் தெரியும்.

அவருடைய அசல் பெயர் ரேஷன் கார்டுக்கும் அவர் மனைவிக்கும் மட்டும்தான் தெரியும் என்று நினைக்கிறேன். பேகம்பூரில் செருப்புத் தைப்பவர்களுக்குத் தோல் விற்கிற சின்னக் கடை வைத்திருக்கிறார். கடை அரைநாள் திறந்திருக்கும். மீதி அரைநாள் ஏதாவது ஓர் அரசாங்க அலுவலகத்தின் நோட்டீஸ் போர்டுக்கு முன்னால் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு நிற்பார். புதுச் சாலை, தட மாற்றம், ஒருவழிப் பாதை, பஸ் நிறுத்தத்தை இடம் மாற்றுவது, எதுவானாலும் முதலில் வரைவுத் திட்டம் என்று ஒன்றை ஒட்டுவார்கள். அதன் அடியில் பொடி எழுத்தில், ‘பொதுமக்கள் தங்கள் கருத்துகளையும் ஆட்சேபணைகளையும் முப்பது நாட்களுக்குள் எழுத்து மூலம் தெரிவிக்கலாம்’ என்று ஒரு வரி இருக்கும். நீங்களும் நானும் அந்த வரியை வாழ்நாளில் படித்திருக்க மாட்டோம். பாய் அதை மட்டும்தான் படிப்பார்.

தெருவில் எதிர்ப்பட்டால் “சாப்டியா?” என்று கேட்கிற வழக்கமே அவரிடம் இல்லை. “பதினோராம் நாளு மாப்ளே. இன்னும் பத்தொம்பது கெடக்கு. ஒண்ணும் எழுதலையா?” என்பார். எதற்குப் பதினோராம் நாள் என்று தெரியாமலே நான் சட்டைப் பையைத் தடவிப் பார்ப்பேன். நான் அப்படிப்பட்டவன். தபால்காரர் வாசலில் பெல் அடித்தாலே என்ன தப்புச் செய்தோம் என்று யோசிக்கிற ஜாதி.

மகளுக்குச் சம்பந்தம் பேச வந்தவர்களிடம்கூட பாய் அதே சட்டத்தைத்தான் போட்டார். “எங்களுக்குப் புடிச்சிருக்கு. ஒங்க பக்கம் முப்பது நாள் டயம் எடுத்துக்கங்க. ஆட்சேபணை இருந்தா எழுத்துல குடுங்க” என்றார். மாப்பிள்ளை வீட்டார் சிரித்துக்கொண்டே போனார்கள். எழுத்தில் ஒன்றும் வரவில்லை. முப்பத்தோராம் நாள் காலையில் பாய் பத்திரிகை அடிக்கக் கொடுத்துவிட்டார்.

அவர் பயணிகளைக் கணக்கெடுக்கிற விதம் தனி. பேனா எடுத்தால் பார்வை தாளுக்குப் போய்விடும், இரண்டு பேர் தப்பிவிடுவார்கள் என்பது அவர் கட்சி. ஆகவே கடையில் மிஞ்சுகிற தோல் துண்டுகளை ஜிப்பா பாக்கெட்டில் நிரப்பிக்கொண்டு நிறுத்தத்தில் நிற்பார். ஓர் ஆள் ஏறினால் ஒரு துண்டு துணிப்பைக்குள் விழும். இதைப் பார்த்த கண்டக்டர்கள் சிலர் அவரைச் செக்கிங் அதிகாரி என்று நினைத்து, ஏறுவதற்கு முன்பே டிக்கெட் கிழித்தார்கள். தெருநாய்கள் மட்டும் அவரைச் சரியாகப் புரிந்துகொண்டு பையின் பின்னாலேயே போயின.

இதையெல்லாம் நான் வேடிக்கையாகப் பார்த்துக்கொண்டிருந்த காலம் ஒன்று உண்டு. அது சிறுகுளம் நோட்டீஸோடு முடிந்தது.

என் மனைவி தனம் ஆத்தூர்ப் பக்கம் சிறுகுளம் என்ற ஊரில் கிராம சுகாதாரச் செவிலியர். காலை பஸ் அவளை ஊருக்குள் இறக்கிவிட்டு, சம்பங்கிப் பூ மூட்டைகளோடு நிற்கிற பெண்களை ஏற்றிக்கொண்டு ஏழு இருபதுக்கு டவுனுக்குத் திரும்பும். சாயங்காலம் ஆறு பத்து பஸ் தனத்தைத் திருப்பிக் கொண்டுவந்து என்னிடம் சேர்க்கும். ஒருநாள் காலை பாய் என் வீட்டு வாசலில் நின்றார்.

“மொத நாளு மாப்ளே! ஒன் சம்சாரம் போற பஸ்ஸு இனிமே ஊருக்குள்ள போகாதாம். மெயின் ரோட்டோட நேராப் போயிருமாம். சிறுகுளம் பிரிவுல எறக்கி விட்ருவாகளாம்.”

பிரிவிலிருந்து ஊருக்கு மூன்று கிலோமீட்டர். இரண்டு பக்கமும் சீமைக்கருவேலங்காடு. விளக்கு கிடையாது. தனம் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, “சாயங்காலம் அந்தக் காட்டுக்குள்ள ஒத்தையில நான் நடந்து வரணுமா? மார்கழியில ஆறு மணிக்கே கும்மிருட்டு. வேலைய விட்டுட்டு வீட்டுல கெடக்க வேண்டியதுதான்” என்றாள். பதினான்கு வருஷமாக அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் தடுப்பூசி போட்டவள் அவள். அன்று அவள் வைத்த ரசத்தில் உப்பே இல்லை.

“எழுது மாப்ளே, எழுதுனாத்தான் உண்டு” என்றார் பாய். எனக்குச் சொல்ல வேண்டுமா? பத்திரிகையில் எழுதுகிறவன் அல்லவா! மூன்று நாள் உட்கார்ந்து இரண்டு பக்கம் எழுதினேன். பூக்காரப் பெண்கள் நாற்பத்து மூன்று பேர் கையெழுத்தும் கைநாட்டும் வைத்தார்கள். பன்னிரண்டாம் நாள் அலுவலகத்தில் கொடுத்து, நகலில் சீல் வாங்கிக்கொண்டு, மார்பை நிமிர்த்தி வீட்டுக்கு வந்தேன். பாயிடம் காட்டவில்லை. தோல் வியாபாரிக்கு நம் தமிழ் நடை எங்கே பிடிபடப் போகிறது என்று ஒரு கொழுப்பு.

இருபத்தாறாம் நாள் பாய் அந்த நகலைக் கேட்டு வாங்கினார். அலுவலகத்துக்குப் போய், வந்த மனுக்களின் பட்டியலைக் கேட்டுப் பார்த்துவிட்டு வந்திருந்தார். முகம் சரியில்லை.

“மாப்ளே, சிறுகுளம் மனு ஆதரவுப் பட்டியல்ல இருக்குய்யா.”

பாய் நகலை விரித்துச் சத்தமாகப் படித்தார். “‘தங்களின் சீரிய தலைமையில் போக்குவரத்து மென்மேலும் சிறக்கத் தீட்டப்பட்டுள்ள இப்பொன்னான திட்டத்தைச் சிறுகுளம் மக்களாகிய நாங்கள் மனமார வரவேற்று, நன்றி பாராட்டி மகிழ்கிறோம்.’ ஏப்பா, இதுல ஆட்சேபணை எங்க இருக்கு? கல்யாண வாழ்த்து மடல் மாதிரில்ல இருக்கு!”

“ரெண்டாம் பக்கத்துல கீழ இருக்கு பாய். ‘சிறு விண்ணப்பம்’னு போட்டு...”

“ரெண்டாம் பக்கத்த யாருப்பா படிக்கிறா? நீ படிப்பியா?”

படிக்க மாட்டேன்தான். ஆனால் என்னை என்ன செய்யச் சொல்கிறீர்கள்? அதிகாரிக்கு எழுதுகிற கடிதம் என்றால் முதலில் நாலு வார்த்தை நல்லதாகச் சொல்ல வேண்டும் என்றுதான் நம் வீடுகளில் வளர்த்திருக்கிறார்கள். அந்த மரியாதையே நாற்பத்து மூன்று பெண்களின் பஸ்ஸைப் பறித்துக்கொண்டு போகப் பார்த்தது. பறித்துக் கொடுத்தது என் பேனா.

“தனத்துக்கிட்ட மட்டும் சொல்லிராதீங்க பாய்” என்றேன். அன்றிலிருந்து மூன்று நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. பஸ் ஹாரன் கேட்டாலே கொல்லைப்புறம் போய் நின்றுகொண்டேன்.

இருபத்தொன்பதாம் நாள் கருத்துக் கேட்புக் கூட்டம். அதில் நான் எழுந்து பேச வேண்டும், புது மனு ஒன்றும் கையில் கொடுக்க வேண்டும் என்று பாய் தீர்ப்புச் சொல்லிவிட்டார். கடையைச் சாத்திக்கொண்டு தோல் நாற்றத்துக்கு நடுவில் எனக்குப் பயிற்சி நடந்தது.

“ஒரு தாளு, ஒரு கோரிக்கை. தெருவெளக்கு, கொழாய்த் தண்ணின்னு சேத்து எழுதுனேன்னு வையி, மனு தண்ணி ஆபீசுக்குப் போயிரும். பஸ்ஸு போனது போனதுதான். மொத வரியிலயே ஆட்சேபிக்கிறேன்னு இருக்கணும். பேசும்போது மொத வார்த்தை ‘வேண்டாம்’. வணக்கங்கூட அதுக்கு அப்பறந்தான். எங்க, சொல்லு.”

“வேண்... வேண்டாங்க.”

“கேக்கல.”

மாமியார் வீட்டில் நாலாவது தோசையைக்கூட மறுக்கத் தெரியாதவன் நான். அன்று அந்தக் கடையில் முப்பது தடவையாவது ‘வேண்டாம்’ சொல்லியிருப்பேன். பக்கத்துக் கடைக்காரர் கதவைத் தட்டி, “பாய், உள்ள யாரையும் அடிக்கிறீகளா?” என்று கேட்டார்.

கடைசியாக ஓர் எச்சரிக்கையும் வந்தது. “கூட்டத்துல டீ குடுப்பாக. வாங்கிராத. அவுக டீயக் குடிச்சிட்டு அவுகளையே எதுத்துப் பேச ஒனக்கு வாய் வராது. ஒன்னய எனக்குத் தெரியும்.”

கூட்டத்துக்குப் போனால் முதல் அதிர்ச்சி, நாலாவது வரிசையில் பூக்காரப் பெண்களோடு தனம் உட்கார்ந்திருந்தாள். லீவு போட்டுவிட்டு வந்திருக்கிறாள். நான் ஒரு தூணுக்குப் பின்னால் பாய்க்கு அருகில் ஒடுங்கினேன். மேடையிலிருந்த அதிகாரி நல்ல மனிதர்தான். நிதானமாகப் பட்டியலை வாசித்தார். “சிறுகுளம் கிராமத்திலேர்ந்து நாற்பத்து மூணு பேர் திட்டத்தை வரவேற்று மனு கொடுத்திருக்காங்க. அவங்களுக்கு நன்றி.”

“ஆத்தாடி! யாரு வரவேத்தது?” என்று ராக்கம்மா எழுந்துவிட்டாள். அவள்தான் பூக்காரப் பெண்களுக்குத் தலைவி மாதிரி. “அந்த சார்தான எழுதிக் குடுத்தாக, நம்ம நர்சம்மா வீட்டுக்காரரு!”

நாற்பது தலைகள் திரும்பின. தனத்தின் தலை கடைசியாக, மெதுவாகத் திரும்பியது.

பாய் என் விலாவில் குத்தினார். எழுந்தேன். கண்ணை மூடிக்கொண்டு அடிவயிற்றிலிருந்து, “வேண்டாம்!” என்று கத்தினேன். கண்ணைத் திறந்தால் டீத் தட்டோடு ஒருவர் என் மூக்குக்கு நேராக நிற்கிறார்.

“வேண்டாம்னா விடுங்க சார். அதுக்கு எதுக்குக் கத்துறீக?” என்று அவர் தட்டைத் திருப்பிக்கொண்டு போனார். மண்டபம் முழுக்கச் சிரித்தது. நான் உட்கார்ந்துவிட்டேன். இந்த ஜென்மத்தில் இனி எழுந்திருக்கப் போவதில்லை என்று முடிவு செய்தேன். அப்போது தனத்தைப் பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை. அந்தக் காட்டுப் பாதையை ஏற்கெனவே நடக்க ஆரம்பித்துவிட்டவள்போல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுபடி எழுந்தேன். “ஐயா, அந்த மனுவ எழுதுனது நான்தான். மரியாதைக்குப் பாராட்டி எழுதிட்டேன். சனங்க கையெழுத்துப் போட்டது பஸ்ஸு ஊருக்குள்ள வரணும்னுதான். இந்தத் தட மாத்தம் எங்களுக்கு வேண்டாங்கய்யா” என்றேன். ஒரே வரி எழுதிய புது மனுவை நீட்டினேன்.

அடுத்த நிமிஷம் பாய் மேடைக்குப் போய் மேஜைமேல் இரண்டு துணிப்பைகளை வைத்தார். அதிகாரி மூக்கைச் சுருக்கி, “என்னங்க இது?” என்றார்.

“சனங்கய்யா. மூணு நாள் சிறுகுளத்துல நின்னு எடுத்தேன். காலையில ஏறுனவுக இந்தப் பையில. சாயங்காலம் ஏறி எறங்குனவுக இதுல. ஒரு ஆளுக்கு ஒரு துண்டு. எண்ணிப் பாத்துக்கங்க.”

அதிகாரி சிரிக்கவில்லை. ஒரு துண்டை எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, பக்கத்திலிருந்தவரிடம் எண்ணச் சொன்னார்.

இறுதித் திட்டம் வந்தபோது மத்தியான நடைகள் மெயின் ரோட்டோடு போய்விட்டன. காலை ஏழு இருபதும் சாயங்காலம் ஆறு பத்தும் ஊருக்குள் தங்கிவிட்டன. தனம் நாலு நாள் என்னோடு பேசவில்லை. ஐந்தாம் நாள் ரசத்தில் உப்புச் சரியாக இருந்தது.

புதுப் பட்டியல்படி பஸ் ஓடிய முதல் நாள் ராக்கம்மா சிறுகுளம் நிறுத்தத்தில் சம்பங்கி மாலையோடு நின்றாள். பாய் தன் மொபெட்டில் வந்து சேர்ந்தார். மாலையை வாங்கிக்கொண்டார். பஸ்ஸில் ஏறச் சொன்னால் மட்டும் மாட்டேன் என்றார்.

“ஏறுனா வாந்தி வரும்மா. சின்னதுலருந்தே அப்படித்தான். பஸ்ஸுல வத்தலக்குண்டு தாண்டுனதில்ல.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. “பஸ்ஸே ஏற மாட்டீகளா? பின்ன எதுக்கு பாய் இம்புட்டு அலைச்சல்?”

“நான் ஏறலைன்னா என்ன மாப்ளே? ஏறுறவுக இருக்காகல்ல” என்று சொல்லிவிட்டு மொபெட்டை உதைத்தார்.

அந்த மனிதர்தான் போன மாதம் ஒரு நோட்டீஸ் போர்டுக்கு முன்னாலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஆம்புலன்ஸில் நானும் கூடப் போனேன். நான் கேள்விப்பட்ட தெய்வங்களை எல்லாம் கூப்பிட்டேன். அவரோ இரண்டு தடவை வாந்தி எடுத்துவிட்டு, “இந்த வளைவுல வேகத்தடை தப்பான எடத்துல இருக்கு மாப்ளே. குறிச்சுக்க” என்றார். இரத்தக் குழாயில் அடைப்பு. சரி செய்து வீட்டுக்கு அனுப்பும்போது, “முப்பது நாள் வாசல் தாண்டக் கூடாது” என்றார் டாக்டர்.

பாய் கேட்டார்: “இதுக்கு ஆட்சேபணை குடுக்கலாங்களா?”

தினமும் ஆறு பத்து பஸ்ஸில் வந்து இறங்கியதும் தனம் நேராக அவர் வீட்டுக்குப் போய் இரத்த அழுத்தம் பார்க்கிறாள். அவர் கேட்பது ஒன்றுதான், வண்டி எத்தனை நிமிஷம் தாமதம் என்று. நேற்று அவள் திரும்பி வந்து, அளவு எவ்வளவு என்று எனக்குச் சொல்லவில்லை. செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே கொஞ்ச நேரம் நின்றாள்.

நெஞ்சு வலி வந்தபோது அவர் படித்துக்கொண்டிருந்த நோட்டீஸுக்கு நானே ஆட்சேபணை எழுதிவிட்டேன். ஒரு தாள், ஒரு கோரிக்கை, முதல் வரியிலேயே ஆட்சேபிக்கிறேன். கொண்டுபோய்க் காட்டினேன். படுத்தபடியே படித்தார்.

“வணக்கத்தையே காணமே மாப்ளே. ஓரத்துல ஒண்ணு போட்டுக்க.”

டாக்டர் சொன்ன முப்பதில் இன்று இருபத்திரண்டாம் நாள், பாய். தோல் கடை சாத்தியே கிடக்கிறது. கடை வாசலில் நாய்கள் வந்து படுத்திருக்கின்றன. தெருவில் என்னைப் பார்த்தால் எல்லோரும் சாப்பிட்டாயா என்றுதான் கேட்கிறார்கள். இன்னும் எட்டு நாள் இருக்கிறது. அதற்குமேல் ஒரு நாள்கூட நீங்கள் படுத்திருப்பதற்கு என் ஆட்சேபணையை இதோ எழுத்து மூலம் தெரிவித்துவிட்டேன்.