கேபிள் பார்க்கப் போன கதை

உடைந்தால் மாற்றுச் சாமான் கிடைக்காத எதையும் பெருமைக்காக வைத்திருக்கக் கூடாது. இதை நான் இளவயதிலேயே தெரிந்துகொண்டேன். தெரிந்துகொண்ட விதந்தான் கொஞ்சம் மானக்கேடானது.

என்னிடம் இங்கிலாந்தில் செய்த மூன்று கியர் சைக்கிள் ஒன்று இருந்தது. மலாயாவில் உத்தியோகம் பார்த்த பெரியப்பா ஊர் திரும்பியபோது கொண்டுவந்தது. சுன்னாகத்தில் எங்கள் ஒழுங்கையில் வேறு யாரிடமும் கியர் சைக்கிள் கிடையாது. கைப்பிடியிலிருந்த சின்ன விசையை நான் 'டிக்' என்று தட்டினால், சந்தைக்கு வெங்காயம் ஏற்றிப் போகிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். (வியந்து பார்க்கிறார்கள் என்றுதான் அப்போது நினைத்தேன். வழிவிடத் திரும்பியிருக்கலாம்.)

ஒரு தை மாதம், அந்த விசையையும் பின்சக்கரத்தையும் இணைக்கும் கேபிள் அறுந்தது. அது அறுந்தால் சைக்கிள் ஆகக் கடினமான கியரில் போய் நின்றுவிடும். நான் படிப்பித்த பள்ளிக்கூடமோ அச்சுவேலியில். வாடைக்காற்று எதிரே வீச, பாறாங்கல்லைக் கட்டி இழுப்பதுபோல மிதித்துக்கொண்டு போனேன். நடந்து வரும் மாணவர்கள், "குட் மோர்னிங், சேர்" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு என்னை முந்திப் போனார்கள்.

இறக்குமதி நின்றுபோயிருந்த காலம். சுன்னாகத்திலும் நல்லூரிலும் ஒரு சைக்கிள் கடை விடாமல் ஏறி இறங்கினேன். எங்கும் பிரேக் கேபிள்தான் இருந்தது. கேபிளின் முனையில் ஒரு குண்டு இருக்கும். அதைத் தலை என்போம். பிரேக் கேபிளுக்குத் தலை பெரிது. என் விசைக்குள் அது போகாது. ஒன்றை வாங்கி அரத்தால் ராவிப் பார்த்தேன். தலையே கழன்று விழுந்தது.

கடைசியில் ஒரு கடைக்காரர் இரக்கப்பட்டுச் சொன்னார்: "கரவெட்டியிலை பென்சன் எடுத்த தபால் மாஸ்டர் ஒருத்தர் இருக்கிறார். அவரிட்டையும் உதே சைக்கிள்தான். மேலதிகமாக் கேபிள் வாங்கி வைச்சிருக்கிறார் எண்டு கேள்வி. போய்க் கேட்டுப் பாரும்."

அடுத்த சனிக்கிழமை, மரமில்லாத வல்லை வெளியின் காற்றோடு மல்லுக்கட்டிக் கரவெட்டி போய்ச் சேர்ந்தேன். முன்பின் தெரியாத பெரியவரிடம் உதவி கேட்கப் போகிறேனே என்று நல்ல வேட்டி கட்டி, சால்வையும் போட்டிருந்தேன். (வினை அங்கேதான் தொடங்கியது.)

படலையைத் திறந்த வீட்டுக்கார அம்மா முகமெல்லாம் மலர்ந்தார். "வாங்கோ தம்பி, உங்களைத்தான் பாத்துக்கொண்டிருக்கிறம். தனியவோ வந்தனீங்கள்?"

"ஓம் அம்மா, இதுக்கு எதுக்கு நாலு பேர்?" என்றேன். கடைக்காரர் முன்கூட்டியே சொல்லி அனுப்பியிருக்கிறார் என்று நினைத்து உள்ளே போய் உட்கார்ந்தேன். பால்றொட்டி வந்தது. பயத்தம் பணியாரம் வந்தது. ஒரு கேபிளுக்கு இவ்வளவு உபசாரமா என்று வியந்தபடி இரண்டையும் ஒரு கை பார்த்தேன்.

தபால் மாஸ்டர் எதிரே வந்து அமர்ந்தார். "முதல் ஒருக்காப் பாருங்கோ தம்பி. பொருந்தினால் மிச்சத்தைக் கதைப்பம்."

"ஓம் ஐயா, பாத்தால்தான் சொல்லலாம். சுன்னாகம், நல்லூர் எல்லாம் பாத்திட்டன். ஒண்டும் சரிவரேல்லை."

அவர் முகம் சுருங்கியது. "ஏன், அதுகளிலை என்ன குறை?"

"எல்லாத்துக்கும் தலை பெரிசு, ஐயா."

கணவனும் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "எங்கடையிலை அந்தக் குறை இல்லை," என்றார் அம்மா மெல்ல.

"நல்லது. நீளம் எவ்வளவு வரும்?"

"ஐஞ்சடி இருக்கும்," என்றார் தபால் மாஸ்டர் அடங்கிய குரலில்.

"காணும் ஐயா. கூடிப்போனாலும் பிரச்சினை இல்லை, வெட்டிப்போடலாம்."

தபால் மாஸ்டர் எழுந்து நின்றார். உள்ளறையில் யாரோ வாய்விட்டுச் சிரித்தார்கள்.

"நீர் என்ன கதைக்கிறீர்?"

'நீங்கள்' போய் 'நீர்' வந்துவிட்டதை அப்போதுதான் கவனித்தேன். "கேபிள், ஐயா. கியர் கேபிள்," என்றேன்.

அந்த நேரம் பார்த்து வாசலில் கார் ஹோர்ன் அடித்தது. அசல் மாப்பிள்ளை, தாயோடும் மாமாவோடும் வந்து இறங்கினார். புறோக்கர் பேசிவிட்ட அந்த மாப்பிள்ளையை வீட்டில் யாரும் அதற்குமுன் கண்டதில்லையாம். "கேபிள் கிணத்தடிக் கொட்டிலுக்கை கிடக்கு. எடுத்துக்கொண்டு பின்பக்கத்தாலை போம்!" என்று தபால் மாஸ்டர் பல்லைக் கடித்தார்.

கேபிள் கிடைத்தது. போயிருக்கலாம். நான் ஆசை தாங்காமல் கிணற்றடியிலேயே சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பூட்டத் தொடங்கினேன். தலை கச்சிதமாக உட்கார்ந்தது. அப்போது விறாந்தையில் மாப்பிள்ளையின் தாய் சொல்வது கேட்டது: "பிள்ளைக்கு நல்ல நீளத் தலைமயிர்."

தேத்தண்ணி கொண்டுவந்த மகள் களுக்கென்று சிரித்துவிட்டாள். அடக்க அடக்கச் சிரிப்பு கூடியது. தட்டம் விழுந்தது. தங்களைப் பார்த்துத்தான் சிரிக்கிறாள் என்று அவர்கள் கோபித்துக்கொண்டு எழுந்து போய்விட்டார்கள்.

எண்ணெய்க் கையோடு முன்பக்கம் போய் நின்றேன். அம்மா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். மன்னிப்புக் கேட்பதற்குமுன் கையை நல்ல சால்வையில் துடைத்தேன். ஒரு கேபிளுக்காக ஒரு பெண்ணின் வாழ்க்கையைக் கெடுத்துவிட்டேனே என்று நினைத்தேன்.

மகள் வெளியே வந்தாள். "அழாதேங்கோ அம்மா. சிரிச்சதுக்கே கோவிச்சுக்கொண்டு போறவையின்ரை வீட்டிலை நான் எப்பிடிக் காலம் தள்ளுறது?" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, "பொருந்திச்சுதோ?" என்று கேட்டாள்.

"ஓம்," என்றேன். அதற்குமேல் எனக்குத் தமிழ் வரவில்லை.

திரும்பும்போது காற்று முதுகில் தள்ளியது. எந்தக் கியரில் வீடு வந்து சேர்ந்தேன் என்று கேட்டால் தெரியாது.

அண்ணையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சிரித்து முடித்துவிட்டுச் சாதகம் கேட்டு ஆள் அனுப்பினார். சாதகம் பொருந்தியது. மாசி பிறந்ததும் என் அம்மாவையும் கூட்டிக்கொண்டு மூவரும் கரவெட்டி போனோம். தபால் மாஸ்டர் ஒன்றும் தெரியாதவர்போலப் படலையைத் திறக்காமலே நின்றார்.

"இந்தமுறை என்ன தேவை?"

"உங்கடை மகளை எங்கடை தம்பிக்குக் கேட்டு வந்தனாங்கள்," என்றார் அண்ணை.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "வேறை ஒரு சாமானும் வேண்டாமோ?"

"ஒண்டும் வேண்டாம், ஐயா," என்றேன். சீதனம் பேசுகிற பேச்சே அதோடு முடிந்தது. படலையும் திறந்தது.

அதற்குப் பிறகு என் மனைவி வீட்டாருக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. யார் போனாலும், "என்ன அலுவலா வந்தனியள்?" என்று கேட்டு, தெளிவான பதில் கிடைத்த பிறகுதான் தேத்தண்ணிக்கு அடுப்பு மூட்டுவார்கள். புதியவர்களிடம் ஒருமுறை கேட்பார்கள். என்னிடம் இன்றைக்கும் இரண்டுமுறை கேட்கிறார்கள்.