சம்பந்தியோடு ஒரு சனி நீராட்டு

பெண்ணைப் பெற்றவனுக்குப் பல பரீட்சைகள் உண்டு. இடுப்பில் துண்டோடு எழுத வேண்டிய பரீட்சையும் உண்டு என்று யாரும் என்னிடம் சொல்லவில்லை.

என் மகள் காவ்யா, கூடப் படித்த அலெக்ஸெய் என்ற ரஷ்யப் பையனைத்தான் கட்டிக்கொள்வேன் என்றாள். நாங்கள் ஒருவழியாகச் சமாதானமாகிவிட்டோம். பையனின் அப்பா கிரிகோரிதான் பிடி கொடுக்கவில்லை. அதிகம் பேசாதவர். திடீரென்று, சனிக்கிழமை என்னோடு பான்யாவுக்கு வாருங்கள் என்று சொல்லியனுப்பினார். பான்யா என்றால் ரஷ்யர்களின் நீராவிக் குளியல் கூடம்.

"டாட், அவர் எல்லாரையும் கூப்பிட மாட்டாராம். இதுதான் இன்டர்வியூ. ப்ளீஸ், நார்மலா இருங்க," என்றாள் காவ்யா.

சனிக்கிழமை. ஆண்கள். குளியல். இதற்கு மேல் எனக்கு என்ன விளக்கம் வேண்டும்? நல்லெண்ணெயைக் காய்ச்சி உச்சி முதல் உள்ளங்கால் வரை தேய்த்துக்கொண்டேன்.

"ஏங்க, ஃபோன் பண்ணி ஒரு வார்த்தை கேட்டுடலாமே?" என்றாள் மனைவி சுமதி.

"உலகம் பூரா ஆம்பளைங்களுக்கு சனி நீராட்டுதான்டி," என்றேன். (சீயக்காய்ப் பொட்டலத்தையும் எடுத்துக்கொண்டேன். விவரமானவனாம்!)

நாங்கள் குடியிருக்கும் எடிசன் என்ற அமெரிக்க ஊரிலிருந்து ஒரு மணி நேர டிரைவ். பான்யா வாசலில் கிரிகோரி என்னை முகர்ந்து பார்த்தார். என் தலையில் ஒரு கம்பளித் தொப்பியைக் கவிழ்த்து, நீராவி அறைக்குள் தள்ளி, மரப்பலகையில் படுக்க வைத்தார். பிறகு, அங்கே அதுதான் வழக்கமாம், ஓர் இலைக்கொத்தை எடுத்து முதுகில் விளாசத் தொடங்கினார். மாரியம்மன் கோயிலில்கூட எனக்கு யாரும் இப்படி வேப்பிலை அடித்ததில்லை. அந்தச் சூட்டில் எண்ணெய் உருகி வழிய, அறை முழுக்க தாளிக்கிற வாசனை. சுற்றியிருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள்.

அடுத்து, வெளியே இருந்த குளிர்நீர்த் தொட்டி. அதன் விளிம்பில் என் எண்ணெய்க் கால் வழுக்கியது. பிடிமானத்துக்குக் கிரிகோரியின் தோளைப் பற்றினேன். நான் நின்றுவிட்டேன், அவர் தண்ணீருக்குள் போய்விட்டார்.

அவர் போட்டிருந்த கம்பளித் தொப்பி மட்டும் மிதந்தது. ஆள் மேலே வரவில்லை. காவ்யாவின் கல்யாணமே என் கண்ணெதிரே மூழ்கிக்கொண்டிருந்தது.

"ஐயோ, சம்பந்தி!" என்று அலறிக்கொண்டு நானும் குதித்தேன்.

தண்ணீர் மார்பளவுதான். விழுந்ததுதான் விழுந்தோம் என்று அவர் நிதானமாக முங்கிக் குளித்துக்கொண்டிருந்தார். காலை ஊன்றத் தெரியாமல் மூழ்கியது நான்தான். அவர் அக்குளில் கைகொடுத்துத் தூக்கினார், வழுக்கிக்கொண்டு திரும்ப உள்ளே போனேன். கடைசியில் நாலு பேர் சேர்ந்து மீட்டார்கள். தொட்டியில் ரசத்தின் மேல் மிதப்பதுபோல எண்ணெய் மிதந்தது. தண்ணீரை மாற்றும்வரை யாரும் இறங்கக் கூடாது என்று பலகை வைத்தார்கள்.

தேநீர் மேசையில் கிரிகோரி ஆங்கிலத்தில் கேட்டார்: "நீச்சல் தெரியுமா?"

"தெரியாது."

"பிறகு ஏன் குதித்தீர்கள்?"

"நீங்கள் போய்விட்டால் என் பொண்ணு முகத்தில் எப்படி முழிப்பேன்?"

என்னையே பார்த்தார். பிறகு கோப்பையிலிருந்த தேநீர் தளும்பச் சிரித்தார். என் தேநீரோடு சாப்பிட, செர்ரி ஜாமைத் தன் கையாலேயே கிண்ணத்தில் போட்டு நகர்த்தினார். "கல்யாணத்தைக் கோடையில் வைத்துக்கொள்வோமா?" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த மனிதரை அந்த நிமிடமே பிடித்துப்போயிற்று.

கல்யாணமும் நன்றாகவே நடந்தது. இன்றும் எந்த விருந்தானாலும் கிரிகோரி என் தோளில் கைபோட்டு, "இவர் என் லைஃப்கார்ட்," என்றுதான் அறிமுகப்படுத்துகிறார். உடனே சுமதி, "ஆமா, குளத்துல மட்டும் இறக்கிடாதீங்க," என்பாள்.